கோஷத்துக்கும் அறிக்கைக்கும் நடுவே

1

நவம்பர் மாதத்தில் எங்கள் கிளையில் நிற்க இடம் இருக்காது. பென்ஷன் வாங்குகிறவர்கள் தாங்கள் உயிரோடிருப்பதை வருஷத்துக்கொருமுறை நிரூபித்துக் காட்டவேண்டிய மாதம் அது. குன்னூரில் பென்ஷன்காரர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. பட்டாளத்திலிருந்தோ அருவங்காடு கார்டைட் தொழிற்சாலையிலிருந்தோ ஓய்வு பெற்றவர்கள் ஒரு வகை. முப்பது நாற்பது வருஷம் தேயிலை பறித்துவிட்டு மாதம் ஆயிரமும் சொச்சமும் வாங்கிக்கொள்ள வருகிற தோட்டத்துப் பெண்கள் இன்னொரு வகை. இரு சாராரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே கைரேகை இயந்திரத்துக்காகக் காத்திருப்பார்கள்.

ஒரு நவம்பரில் அப்படி உட்கார்ந்திருந்த இருவரின் பேச்சு என் காதில் விழுந்தது. அவர் அறுபதைத் தொட்டவர், மெட்ராஸ் ரெஜிமெண்ட்டில் இருந்தவர். அந்த அம்மாளுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும்.

“எங்க தம்பி வேலை பாத்தீங்க?”

“பட்டாளத்துலம்மா. சிலோனுக்கெல்லாம் போயிருக்கேன்.”

“நானும் சிலோன்தான். நுவரெலியாப் பக்கம். நீங்க எந்தப் பக்கம்?”

“யாழ்ப்பாணம்.”

“அத நான் பாத்ததே இல்லப்பா. நாங்க மலையில கெடந்தோம். தலைமன்னாருக்கு ரயில்ல வந்தோம், கப்பல் ஏறுனோம். அவ்வளவுதான்.”

அவர் பதில் சொல்லவில்லை. அம்மாளின் முறை வந்தது. நாலு தடவை விரல் வைத்தும் இயந்திரம் ஏற்கவில்லை. தேயிலை பறித்த விரல்களில் ரேகை தேய்ந்துபோய்விடும். வேறு வழியில் முடித்து அனுப்பிவைத்தேன். அடுத்து அவர் வந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகச் சொன்னார்: “தமிழ் தெரியும்கிறதால என்னைத்தான் முன்னாடி நிறுத்துவாங்க சார். வாசல்ல நின்னு, வெளிய வாங்கன்னு கூப்பிடுறது என் வேலை. வந்தவங்க நம்ம பாஷையில கெஞ்சுவாங்க. அத நான் திரும்பி இந்தியில சொல்லணும்.” அவர் ரேகையை இயந்திரம் முதல் தடவையே ஏற்றுக்கொண்டது.

இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியதல்ல. அவர்கள் இருவரையும் கடல் தாண்டவைத்த காகிதங்கள் நம் பாராளுமன்றத்தின் முன்னால் வந்த விதத்தைப் பற்றியது.

2

அந்தப் படை திரும்பிய பிறகு பிறந்தவன் நான். 1987இன் யுத்தம் எனக்குப் பிறர் சொல்லியும் படித்தும் தெரிந்த விஷயம். எனவே அனுபவத்தின் அதிகாரம் எதையும் நான் கோரமுடியாது. ஆனால் ஒன்று தோன்றுகிறது. ஒரு கவிதையின் உருவம் அதன் உள்ளடக்கத்துக்கு வெளியே நிற்கும் சட்டையல்ல, எதைச் சொல்லமுடியும் என்பதையே அது தீர்மானிக்கிறது என்று இந்தப் பக்கங்களில் நாம் சளைக்காமல் வாதாடி வந்திருக்கிறோம். இதே பார்வையை ஒரு சபை பேசுகிற முறைக்கும் பிரயோகித்துப் பார்க்கலாம். பாராளுமன்றம் ஒரு யுத்தத்தைப் பற்றி எந்த உருவத்தில் பேச அனுமதிக்கப்பட்டதோ அந்த உருவம், எந்தக் கேள்வி எழும், எது எழாது என்பதைத் தீர்மானித்துவிட்டது என்பதே என் கட்சி.

இலங்கைக்குப் படை அனுப்பியதைப் பாராளுமன்றம் விவாதிக்கவில்லை என்று ஒரு பேச்சு உண்டு. அது சரியல்ல. நிறையவே விவாதித்தது. ராஜ்ய சபாவில் தி.மு.க.வின் வை. கோபால்சாமி ஓயாமல் எதிர்ப்புக் குரல் எழுப்பினார். ஆனால் எல்லாப் பேச்சும் படை போன பின்பு நடந்த பேச்சு. ‘போகலாமா’ என்ற கேள்விக்கு அங்கே வேளை தப்பிவிட்டது. மிஞ்சியது ‘எப்போது திரும்பும்’ என்பது மட்டும்.

3

முதலில் நம் பக்கத்துக் கணக்கு. அதைத் தள்ளிவிட்டு தில்லியைக் குற்றம் சொல்வது சுலபம், ஆனால் நேர்மையல்ல.

1983 ஜூலையில் கொழும்பிலும் தென்னிலங்கையிலும் தமிழர்கள் வேட்டையாடப்பட்டபோது தமிழ்நாடு கொதித்தது. ஆகஸ்டில் கருணாநிதியும் அன்பழகனும் சட்டமன்ற உறுப்பினர் பதவிகளைத் துறந்தார்கள். அந்த நாட்களில் மேடைக்கு மேடை எழுந்த கோரிக்கை, ராணுவத்தை அனுப்பு என்பது. வங்காளதேசம் அப்போது பன்னிரண்டு வருஷத்துப் பழைய சம்பவம், முன்மாதிரியாக எல்லோர் மனத்திலும் இருந்தது. கிழக்கு வங்காளத்துக்குப் போன படை ஈழத்துக்கு ஏன் போகக்கூடாது? கேள்வி நியாயமானது. ஆனால் கோஷமாக மட்டுமே கேட்கப்பட்டது. போகிற படை யாரைச் சுடும், யார் ஆணைக்குக் கட்டுப்படும், எப்போது திரும்பும் என்று யாரும் கேட்கவில்லை. அது சிங்கள ராணுவத்தைத்தான் சுடும் என்று எல்லோரும் தாமாகவே எண்ணிக்கொண்டார்கள்.

தில்லி முதலில் செய்தது வேறு. 1983க்குப் பின் போராளி இயக்கங்களுக்கு இந்திய மண்ணில் ஆயுதப் பயிற்சி கொடுக்கப்பட்டது. வெளியே சொல்லும்போது அப்படி ஒன்று நடக்கவே இல்லை. ராஜீவ் காந்தி கொலையை விசாரித்த ஜெயின் கமிஷனின் இடைக்கால அறிக்கை 1997 நவம்பரில் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டபோதுதான் அந்தச் சரித்திரத்தின் பெரும்பகுதி சபையின் காகிதங்களில் ஏறியது. அந்த அறிக்கையின் பேரில் குஜ்ரால் மந்திரிசபை கவிழ்ந்தது. பயிற்சியைப் பற்றிய உண்மை சபைக்கு வந்து சேர ஏறத்தாழ பதினான்கு வருஷம் பிடித்திருக்கிறது.

4

1987இன் வரிசையைச் சுருக்கமாகப் பார்க்கலாம். ஜூன் 3ஆம் தேதி யாழ்ப்பாணத்துக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோன இந்தியப் படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் இந்திய விமானங்கள் அதே பொருட்களை யாழ்ப்பாணத்தின் மேல் ஆகாயத்திலிருந்து போட்டன. ஜூலை 29இல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இந்தியத் துருப்புகள் மறுநாளே பலாலியில் இறங்க ஆரம்பித்தன.

ஒப்பந்தத்தின் பிரதான வாசகம் இலங்கை அரசு கேட்டால் இந்தியா ராணுவ உதவி தரும் என்று பொதுவாகச் சொல்கிறது. பின்னிணைப்பில்தான் ‘இந்திய அமைதி காக்கும் படை’ வருகிறது. இலங்கை ஜனாதிபதி அழைத்தால் அது வரலாம், சண்டை நிறுத்தத்தை உறுதிசெய்யவும் அமல்படுத்தவும். அமைதியைக் காப்பது ஒரு காரியம். அமல்படுத்துவது முற்றிலும் வேறு காரியம். இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்ததில் எல்லாம் தொடங்கியது என்று எனக்குப் படுகிறது. காப்பவன் இரு தரப்புக்கும் நடுவில் நிற்கிறான். அமல்படுத்துகிறவன் கேட்காதவனைச் சுட்டாக வேண்டும். இந்த வித்தியாசத்தைப் பிரித்துக் காட்டுவதற்கென்றே ஏற்பட்ட இடம் ஒரு விவாத சபை. அந்த வாய்ப்பு சபைக்குக் கிடைக்கவில்லை.

ஒப்பந்தத்தோடு இரு தலைவர்களும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள் இன்னொரு விஷயத்தைச் சொல்கின்றன. திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவின் நலனுக்கு விரோதமாக எந்த நாட்டின் ராணுவ உபயோகத்துக்கும் தரக்கூடாது. அங்குள்ள எண்ணெய்க் குதங்களை இந்தியாவும் இலங்கையும் சேர்ந்து சீரமைக்க வேண்டும். அந்நிய ஒலிபரப்பு நிலையங்கள் ராணுவ, உளவு வேலைக்குப் பயன்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இலங்கையிலுள்ள அந்நிய ராணுவ, உளவு ஆட்களைப் பற்றி இரு நாடுகளும் கலந்துபேச வேண்டும். தேசப் பாதுகாப்பு என்று இன்று நாம் சொல்வது அந்தக் கடிதங்களில் இருந்தது. தமிழர்கள் ஒப்பந்தத்தில் இருந்தார்கள். எது நோக்கம், எது நிமித்தம் என்று கேட்கவேண்டிய இடம் சபை. தமிழ்நாட்டில் ஒப்பந்தத்தைத் தமிழர் பிரச்னைக்கான தீர்வாகவே படித்தார்கள். இடதுசாரிகள் ஆதரித்தார்கள், எம்.ஜி.ஆரின் கட்சி ஆதரித்தது, தி.மு.க. எதிர்த்தது. கடிதங்களைப் படித்தவர்கள் குறைவு.

ஆகஸ்டில் மாலை போட்டு வரவேற்ற ஊர் அது. செப்டம்பர் 26இல் உண்ணாவிரதம் இருந்த திலீபன் இறந்தார். அக்டோபர் 5இல் இலங்கைப் படையின் காவலில் பலாலியில் இருந்த புலிகளில் பன்னிரண்டு பேர் சயனைடு தின்று செத்தார்கள். அக்டோபர் 10இல் இந்தியப் படை புலிகளுக்கு எதிரான யுத்தத்தை ஆரம்பித்தது. 12ஆம் தேதி விடிவதற்குள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரிலிருந்து இறங்கிய சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரியின் முப்பது பேர் சுற்றி வளைக்கப்பட்டு, அவர்களில் 29 பேர் மாண்டார்கள். 21, 22 தேதிகளில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் புகுந்த இந்தியத் துருப்புகள் சுட்டதில் டாக்டர்களும் நர்சுகளும் நோயாளிகளுமாக அறுபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 21ஆம் தேதி தீபாவளி. மாதம் முடிவதற்குள் யாழ்ப்பாண நகரம் இந்தியப் படையின் கையில் இருந்தது.

இந்தத் தேதிகளின் பக்கத்தில் பாராளுமன்றத்தின் நாட்காட்டியை வைத்துப் பார்க்க வேண்டும். மழைக்காலக் கூட்டத்தொடர் ஆகஸ்டோடு முடிந்துவிட்டது. குளிர்காலக் கூட்டத்தொடர் நவம்பரில் தொடங்கியது. அமைதி காக்கும் படை யுத்தப் படையாக மாறியதும் ஒரு நகரத்தைப் பிடித்ததும் இரண்டு கூட்டத்தொடர்களின் இடைவெளிக்குள் நடந்து முடிந்தன. சபை மீண்டும் கூடியபோது அதன்முன் இருந்தது ஒரு கேள்வியல்ல, ஒரு நிலைமை.

5

நிலைமையைச் சபை எப்படிப் பேசும்? லோக் சபாவின் நடைமுறை விதிகளில் 372ஆம் விதி ஒன்று உண்டு. பொது முக்கியத்துவமுள்ள விஷயம் பற்றி மந்திரி ஒருவர் சபாநாயகரின் சம்மதத்தோடு அறிக்கை தரலாம். ஆனால் அறிக்கை தரும் சமயத்தில் கேள்வி எதுவும் கேட்கக்கூடாது. 193ஆம் விதியின்கீழ் குறுகிய காலவிவாதம் நடத்தலாம். அதன் முடிவில் வாக்கெடுப்பு கிடையாது. 184ஆம் விதியின்கீழ் வரும் தீர்மானத்தில் வாக்கெடுப்பு உண்டு. எந்த விதியின்கீழ் பேசுவது என்று ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் மணிக்கணக்கில் சண்டையிடுவதைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். சிரிக்க வேண்டியதில்லை. அது உருவத்துக்கான சண்டை.

அரசியல் சட்டமும் இந்த உருவத்துக்கு அனுசரணையாகவே இருக்கிறது. ராணுவத்தின் தலைமை ஜனாதிபதியிடம். மத்திய அரசின் அதிகாரப் பட்டியலில் முதல் இனம் நாட்டின் பாதுகாப்பு, 14ஆவது அந்நிய நாடுகளோடு ஒப்பந்தம், 15ஆவது யுத்தமும் சமாதானமும். அந்நிய மண்ணுக்குப் படை அனுப்புமுன் பாராளுமன்றத்தின் சம்மதம் பெறவேண்டும் என்று எங்கும் இல்லை. இதற்கு நேர்மாறாக, யுத்தத்தை முன்னிட்டு உள்நாட்டில் அவசரநிலை பிரகடனம் செய்தால் ஒரு மாதத்துக்குள் இரு சபைகளின் ஒப்புதல் வேண்டும். ஒரு மாநில அரசைக் கலைத்தாலும் இரண்டு மாதத்துக்குள் ஒப்புதல் வேண்டும். ஆனால் நான்கு டிவிஷன்களை 32 மாத காலம் இன்னொரு நாட்டில் வைத்திருக்க ஒரு வாக்குக்கூட வேண்டியதில்லை. நான் வேலை பார்க்கும் இடத்தில் ஒரு தொகைக்கு மேல் போனால் இரண்டு கையெழுத்து இல்லாமல் காகிதம் நகராது. முதல் கையெழுத்துக்காரர் திருடர் என்பதால் ஏற்பட்ட விதியல்ல அது. இரண்டாவது ஆள் ஒருமுறை படித்துப் பார்க்கட்டும் என்பதற்காக ஏற்பட்டது.

வாக்கெடுப்பு நடந்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும் என்று கேட்கலாம். அப்போதைய லோக் சபாவில் காங்கிரசுக்கு நானூறுக்கு மேற்பட்ட உறுப்பினர்கள். 1985இன் கட்சித் தாவல் தடைச் சட்டம் வேறு வந்துவிட்டிருந்தது. கொறடா சொன்னபடி கை தூக்காதவரின் பதவி போய்விடும். தீர்மானம் நிச்சயம் நிறைவேறியிருக்கும். வாஸ்தவம். ஆனால் அதை எழுத வேண்டியிருந்திருக்கும். படையின் நோக்கம் இது, எல்லை இது, காலம் இது என்று ஒரு வாசகத்தை மந்திரி ஒருவர் சபையில் வைத்து, அதன்மேல் மற்றவர்கள் பேசி, அது அச்சாகியிருக்கும். அக்டோபர் 10இல் நோக்கம் மாறியபோது, அந்த வாசகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நீங்கள் கேட்ட அனுமதி இதற்கல்லவே என்று ஒருவராவது சொல்லியிருக்க முடியும். எழுதப்படாத நோக்கம் மாறியதை யாராலும் நிரூபிக்க முடியாது.

6

ராணுவ நடவடிக்கையை ஊரறிய விவாதித்துவிட்டுச் செய்யமுடியுமா என்ற ஆட்சேபம் பலமானது. 1988 நவம்பர் 3இல் மாலத்தீவில் கூலிப்படை ஒன்று ஆட்சியைப் பிடிக்க முயன்றபோது, உதவி கேட்டு வந்த சில மணி நேரத்துக்குள் ஆக்ராவிலிருந்து பாராசூட் படை கிளம்பி அன்றிரவே போய் இறங்கியது. சபையைக் கூட்டிக்கொண்டிருந்தால் எதுவும் மிஞ்சியிருக்காது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மாலத்தீவில் முக்கியமான காரியம் ஒரே இரவில் முடிந்தது. இலங்கையில் 32 மாதம் ஆயிற்று. முதல் இரவின் ரகசியத்துக்கான நியாயத்தை இரண்டாவது வருஷத்துக்கும் நீட்டமுடியாது. வியட்நாமில் பட்ட அடிக்குப் பிறகு அமெரிக்காவின் காங்கிரஸ் 1973இல் ஒரு சட்டம் செய்தது. படையை யுத்தத்தில் இறக்கினால் ஜனாதிபதி 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், காங்கிரசின் அனுமதி இல்லாவிட்டால் 60 நாளுக்குப் பின் நிறுத்திக்கொள்ள வேண்டும். ஜனாதிபதிகள் அதைச் சரியாக மதித்ததில்லை. இருந்தாலும் கடிகாரம் என்று ஒன்று அங்கே சுவரில் மாட்டியிருக்கிறது. பிரிட்டனில் 2013 ஆகஸ்ட் 29இல் சிரியாவின் மேல் தாக்குதல் நடத்தும் யோசனையை காமன்ஸ் சபை 285க்கு 272 என்று தோற்கடித்தது. படை போகவில்லை.

அவ்வளவு தூரம் போகவேண்டாம். நம் சபைகளே முன்கூட்டிப் பேசிய சந்தர்ப்பங்கள் உண்டு. 1971 மார்ச் 31இல், டாக்காவில் பாகிஸ்தான் ராணுவம் வெறியாட்டம் தொடங்கி ஒரு வாரம்கூட ஆகாத நிலையில், இந்திரா காந்தி கொண்டுவந்த தீர்மானத்தின் மூலம் பாராளுமன்றம் கிழக்கு வங்காள மக்களின் போராட்டத்துக்குத் தன் ஆதரவைச் சொன்னது. யுத்தம் எட்டு மாதத்துக்குப் பின் டிசம்பரில் வந்தது. தீர்மானம் யுத்தத்துக்கான அனுமதியல்ல. ஆனால் யார் பக்கம் நிற்கிறோம் என்பது முதலிலேயே வார்த்தையாக்கப்பட்டுவிட்டது. அந்த யுத்தத்தின் தளபதி மானெக்‌ஷா ஓய்வு பெற்றபின் குன்னூரில் குடியிருந்து, 2008இல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் இறந்து, ஊட்டியில் பார்சிகளின் மயானத்தில் அடங்கியிருக்கிறார். ஜெயித்த யுத்தத்தின் ஞாபகமும் சிலோன் யுத்தத்தின் ஞாபகமும் இந்த மலையில் அக்கம்பக்கமாகவே இருக்கின்றன. முன்னதைப் பற்றி ஊரில் எல்லோரும் பேசுவார்கள்.

இரண்டாவது சந்தர்ப்பம் ஒரு விமர்சகனுக்கு இன்னும் சுவாரசியமானது. 2003 ஏப்ரல் 8இல் இராக் மீதான படையெடுப்பு பற்றி லோக் சபா தீர்மானம் நிறைவேற்றியது. கண்டிப்பதா, வருந்துவதா என்று கட்சிகளுக்குள் இழுபறி. கடைசியில் ‘நிந்தா’ என்ற ஹிந்திச் சொல்லில் உடன்பாடு ஏற்பட்டது. அதை இங்கிலீஷில் இரண்டு விதமாகவும் மொழிபெயர்க்கலாம் என்பதே அதன் சௌகரியம். நம் ‘நிந்தனை’க்கு ஒன்றுவிட்ட சகோதரி அது. கேலியாகத் தோன்றலாம். ஆனால் அந்த ஒரு சொல் சபையின் ஏட்டில் ஏறிவிட்டது. இராக்குக்கு ஒரு டிவிஷன் அனுப்பும்படி அமெரிக்கா கேட்டபோது, ஐக்கிய நாடுகள் சபையின் வெளிப்படையான ஆணை இல்லாமல் அனுப்புவதற்கில்லை என்று ஜூலை 14இல் வாஜ்பாய் அரசு முடிவெடுத்தது. தீர்மானம் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். எனினும் முன்கூட்டிச் சொல்லப்பட்ட சொல், பின்னால் எடுக்கும் முடிவின் கையைப் பிடித்துக்கொள்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

7

குன்னூரிலிருந்து இதையெல்லாம் எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இந்தியாவும் இலங்கையும் கையெழுத்திட்ட காகிதங்களின் விளைவுகளை இந்த மலையில் நடந்தே பார்த்துவிடலாம்.

1948இல் இலங்கை தன் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி அவர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும். பாக்கி 1,50,000 பேரை 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மனிதர்களை இப்படி முழு எண்களில் பங்கு போட்டதை யாரும் அவர்களிடம் கேட்கவில்லை. வந்தவர்களில் ஒரு பகுதியினரைக் குடியமர்த்துவதற்காக 1968இல் அரசு தேயிலைத் திட்டம் ஆரம்பமாகி, 1976இல் டான்டீ என்ற கார்ப்பரேஷன் ஆயிற்று. அதன் தலைமையகம் குன்னூர். கோத்தகிரி, கூடலூர், பந்தலூர்ப் பக்கங்களில் ஐம்பது வருஷமாகியும் அவர்களுக்கு இன்னும் ‘சிலோன்காரங்க’ என்றுதான் பெயர். இலங்கையில் அவர்களை இந்தியர்கள் என்றார்கள். டான்டீ நிலத்தில் ஒரு பெரும்பகுதியை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க 2022இல் அரசு முடிவெடுத்தபோது, லைன் வீடுகளில் இருந்தவர்கள் மறுபடியும் எங்கே போவதென்று கேட்க வேண்டியதாயிற்று.

அதே 1974இல் கச்சத்தீவு ஒப்பந்தம். ஜூனில் கையெழுத்தாகி ஜூலை 23இல் வெளிவிவகார மந்திரி ஸ்வரண் சிங் லோக் சபாவில் அறிக்கை வைத்தார். இரா. செழியனும் மூக்கையாத் தேவரும் பெரியகுளம் உறுப்பினர் முகம்மது ஷெரீபும் ஆட்சேபித்தார்கள். வெளிநடப்பு நடந்தது. அங்கேயும் அறிக்கை முதலில், பேச்சு பின்னால். இந்த உருவத்துக்கு 1987இல் வயது பதின்மூன்றாவது ஆகியிருந்தது.

தோட்டங்களுக்குப் பக்கத்திலேயே வெலிங்டன். 1758ஐத் தன் பிறந்த வருஷமாகச் சொல்லிக்கொள்ளும் மெட்ராஸ் ரெஜிமெண்ட்டின் பயிற்சி மையம் அங்கே இருக்கிறது. ஈழத்துக்குப் போன படையில் அந்த ரெஜிமெண்ட்டின் பட்டாலியன்களும் உண்டு. முப்படை அதிகாரிகளுக்கான ஸ்டாஃப் காலேஜும் வெலிங்டனில்தான். நட்பு நாடுகளின் அதிகாரிகளும் அங்கே வந்து படிக்கிறார்கள், இலங்கை அதிகாரிகள் உட்பட. 2009இல் முள்ளிவாய்க்கால் முடிந்தபின், 2012இலும் 2013இலும், வெலிங்டனில் படித்துக்கொண்டிருந்த இலங்கை அதிகாரிகளைத் திருப்பி அனுப்பும்படி முதலமைச்சர் ஜெயலலிதா பிரதமருக்குக் கடிதம் எழுதினார். இந்த ஊர் ஒரு வாரம் பத்திரிகைகளில் அடிபட்டது. அப்போதும் கோஷம் இருந்தது, அறிக்கை இருந்தது. அந்த அதிகாரிகளுக்கு நாம் ஏன் பயிற்சி தருகிறோம், அதனால் நமக்கு என்ன, ஈழத்தவருக்கு என்ன என்ற நடுக்கேள்வி அப்போதும் அனாதையாகவே நின்றது.

8

படை திரும்பிய கதை எல்லோருக்கும் தெரியும். 1989இல் ஜனாதிபதியான பிரேமதாசா ஜூலை 29க்குள் வெளியேறச் சொன்னார். இந்தியாவில் ஆட்சி மாறியது. வி.பி. சிங் அரசு படையைத் திருப்பி அழைத்தது. 1990 மார்ச் 24இல் கடைசித் துருப்புகள் திருகோணமலையிலிருந்து கப்பலேறின. மாண்டவர்கள் சுமார் 1,200 பேர். நம் படையின் கையால் மாண்ட தமிழர்களின் எண்ணிக்கையை நம் அரசு ஒருபோதும் எண்ணவில்லை. திரும்பி வந்த படையை வரவேற்கச் சென்னைத் துறைமுகத்துக்கு முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படை என்பது அவர் தரப்பு. தேச விரோதம் என்றது மறு தரப்பு. 1991 ஜனவரி 30இல் அவர் ஆட்சி கலைக்கப்பட்டது. தேசப் பாதுகாப்பு அப்போது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. மே 21இல் ஸ்ரீபெரும்புதூர்.

வரவேற்கப் போகாதது சரியா, தப்பா? 1983இல் அனுப்பு என்ற நாம், 1987இல் என்ன செய்யவேண்டும் என்று சொல்லாத நாம், 1990இல் திரும்பி வந்த சிப்பாய்க்கு முகத்தைத் திருப்பிக்கொண்டோம். யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியை மறந்துவிட்டு மாலை போட்டிருக்கவும் முடியாது. இரண்டில் எதைச் செய்திருந்தாலும் பாதிதான் உண்மை. 1989 நவம்பர் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 லோக் சபா தொகுதிகளில் 38ஐ ராஜீவ் காந்தியின் கூட்டணிக்கே கொடுத்தோம். நீலகிரியும் அதில் அடக்கம். படை அப்போது இன்னும் இலங்கையில்தான் இருந்தது. தமிழ்நாட்டின் கோபம் என்று நாம் சொல்லிக்கொள்வதை இந்தக் கணக்கோடு வைத்துப் பார்க்கிற தைரியம் நமக்கு வேண்டும்.

எழுதியவர்கள் எழுதினார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து ‘முறிந்த பனை’ வந்தது. அதை எழுதிய நால்வரில் ஒருவரான ராஜனி திராணகம 1989 செப்டம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். தில்லிப் பக்கத்தில் தூதர் தீக்ஷித் எழுதினார், தளபதி ஹர்கிரத் சிங் எழுதினார். அவரவர் நியாயம் அவரவருக்கு. தமிழ்நாட்டுச் சிப்பாயின் கதையை நாம் எழுதவில்லை. அமைப்பியலைப் பற்றி அந்த வருஷங்களில் நம் பத்திரிகைகள் நடத்திய விவாதங்களை நான் மதிக்கிறேன், அவற்றால் வளர்ந்தவன் நான். ஆனால் தன் பாஷையில் கேட்ட கெஞ்சலை இன்னொரு பாஷையில் திருப்பிச் சொல்லிவிட்டு ஊர் திரும்பிய ஒருவன் நம் மத்தியில் இருந்தான். மொழியைப் பற்றி இவ்வளவு பேசிய நமக்கு அவன் கண்ணில் படவில்லை.

2025 ஏப்ரலில் பிரதமர் மோடி கொழும்புக்கு அருகிலுள்ள அமைதிப் படை நினைவுச் சின்னத்தில் மலர்வளையம் வைத்தார். நல்ல காரியம். நினைவுச் சின்னத்தில் பெயர்கள் இருக்கின்றன. எதற்காகப் போனார்கள் என்பதைக் கல்லில் வெட்டமுடியாது. அது சபையின் ஏட்டில், அவர்கள் போவதற்கு முந்தைய தேதியிட்டு, இருந்திருக்க வேண்டும். இல்லை.

அடுத்த நவம்பரிலும் அவர்கள் இருவரும் வந்தார்கள், வெவ்வேறு நாட்களில். இயந்திரம் அம்மாளின் ரேகையை அப்போதும் ஏற்கவில்லை. போகும்போது, “அந்தப் பட்டாளத்துத் தம்பி வந்தாச்சா?” என்று கேட்டார். வந்துவிட்டுப் போனதாகச் சொன்னேன். “நல்லா இருக்கட்டும். யாழ்ப்பாணத்துல என்ன பாத்தாருன்னு அன்னிக்குக் கேக்காமலே விட்டுட்டேன்” என்றார்.